வரம்பில் நின்ற நான்கு நிமிடம்

காணொளிப் பிரிவுப் பிள்ளைகளே, உங்கள் கடிதம் கிடைத்தது. உப்பளப் பாடத்தின் நடுவில் ஒரு மனிதர் மண்வெட்டியோடு பாத்தி வரம்பில் நின்றுகொண்டே இருக்கிறார், மழை பெய்கிறது, வேறொன்றும் நடக்கவில்லை, மாணவர்கள் கொட்டாவி விடுகிறார்கள், அந்த நான்கு நிமிடத்தை வெட்டிவிடலாமா மிஸ் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது நல்லது. கேட்காமல் வெட்டியிருந்தால் அடுத்த பஸ் பிடித்துக் கல்லூரிக்கே வந்து சண்டை பிடித்திருப்பேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை?

வெட்டலாமா, கூடாதா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்த மனிதர் ஏன் நிற்கிறார் என்று உங்களில் ஒருவராவது யோசித்தீர்களா? கொட்டாவி விட்ட பிள்ளைகளை விடுங்கள். கெமராவைத் தூக்கிக்கொண்டு அலையப்போகிற உங்களுக்கு அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும். எனக்கும் அன்று வரவில்லை என்பதால்தான் இவ்வளவு உரிமையோடு ஏசுகிறேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கல்லூரியில் காணொளிப் பிரிவு என்று ஓர் அறையைத் திறந்து, அதற்குப் பொறுப்பாக என்னைப் போட்டார்கள். ஒரு கெமரா, மூன்று கால் நிறுத்தி ஒன்று, மனம் வந்த நாளில் மட்டும் வேலை செய்யும் ஒலிவாங்கி ஒன்று. கெமராவுக்கு நிமல். சிலாபத்துப் பிள்ளை. அரைவாசித் தமிழும் அரைவாசிச் சிங்களமுமாகக் கதைப்பான், ஆனால் கை நடுங்காது. பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்துக்குக் கடல்நீரிலிருந்து உப்பு எடுப்பதைப் பற்றி இருபது நிமிடப் பாடம் ஒன்று செய்யச் சொன்னார்கள். ஆசிரியப் பயிலுநர்கள் ஐந்து பேரும் இரசாயனவியல் விரிவுரையாளர் ஒருவரும் கூட வருவார்கள்.

புத்தளத்தில் பிறந்தவள் நான். பஸ் யன்னலால் உப்புக் குவியலைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள். ஆனால் அந்த வேலைக்கு ஆயத்தமாகும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது: உப்பு எப்போது உப்பாகிறது என்று எனக்குத் தெரியாது! தண்ணீர் வற்றினால் உப்பு மிஞ்சும் என்று புத்தகத்தில் இருக்கிறது. சரி, எந்த நேரத்தில்? கண்ணுக்குத் தெரியுமா? மேலே வருமா, அடியில் வருமா? இந்தக் கேள்வி மண்டைக்குள் புகுந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உப்பு பிறக்கிற அந்தக் கணத்தைக் கெமராவில் பிடித்தே தீருவது என்று முடிவு கட்டினேன். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் இந்த ஆசைதான் காரணம்.

எங்களுக்கு உப்புப் பாத்தி காட்டச் சம்மதித்தவர் ஹனீபா நானா. தில்லையடியில் வீடு. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்களில் ஒருவர். வந்த நாள் முதல் மற்றவர்களின் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவர். அந்த வருடம்தான் முதன்முதலாக அவருடைய பொறுப்பில் ஒரு பாத்தி கிடைத்திருந்தது. டவுனில் இருக்கும் ஹாஜியார் ஒருவரின் காணி அது. "ஒரு போகம் செய்து பார், சரிவந்தால் தொடர்ந்து உனக்கே தாறன், இல்லாட்டி வேற ஆள் பாக்கிறன்" என்று சொல்லிக் கொடுத்திருந்தார். இதை எங்களுக்குச் சொன்னவர் ஹனீபா நானா இல்லை. அவருடைய மனைவி சரீனா.

சரீனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹனீபா நானாவிடம் எதைக் கேட்டாலும் "அது அப்பிடித்தான் மிஸ்" என்பார், சிரிப்பார், வேலையைப் பார்ப்பார். பதில் வேண்டுமென்றால் சரீனாவிடம்தான் போக வேண்டும். முதல் நாள், நீங்கள் எந்த ஊர் என்று கேட்டேன். கையிலிருந்த கூடையை இறக்காமலே திருப்பிக் கேட்டாள்.

"எதச் சொல்ற மிஸ்? பொறந்தது மன்னார். புள்ள பெத்தது இங்க. அடையாள அட்டையில ஒண்டு, ஆக்கள்ட வாயில ஒண்டு. உங்களுக்கு எது வேணும்?"

நான் அசடு வழியச் சிரித்தேன். அதன் பிறகு என் கேள்விகளையெல்லாம் உப்போடு நிறுத்திக்கொண்டேன்.

உப்பு பிறக்கிறதைக் காட்டித் தந்ததும் அவள்தான். நல்ல வெயில் நேரம், காற்று ஓய்ந்திருந்தது. "குனிஞ்சு பாருங்க" என்றாள். பாத்தித் தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி மெல்லிய தோல் ஒன்று மிதந்தது. கொஞ்சக் காற்று வந்ததும் அது துண்டு துண்டாக உடைந்து, மினுங்கிக்கொண்டே அடிக்குப் போனது. மேலே பிறந்து, அடியில் போய் வளர்கிறது! புத்தகத்தில் ஒரு வரி இல்லை. இரசாயனவியல் சேர்கூட வரம்பில் முழங்காலிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமல் அதை எடுத்தான். ஆனால் வெளிச்சம் தண்ணீரில் பட்டுத் தெறித்ததில் படம் சரிவரவில்லை. அடியில் கிடந்த உப்பும் இன்னும் மெல்லியதாக இருந்தது, கிட்டப் போய் எடுத்தால் மண் நிறம்தான் தெரிந்தது.

அது வியாழக்கிழமை. சனிக்கிழமை காலையில் உப்பு வாருவதாக அவர்கள் ஒழுங்கு பண்ணியிருந்தார்கள். நான் ஹனீபா நானாவிடம் போய், திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். இரண்டே நாள்தானே, உப்பு இன்னும் கொஞ்சம் தடித்து வரும், பயிலுநர்கள் எல்லோரும் அன்று வரலாம், வானமும் நீலமாக இருந்தால் படம் எடுப்பாக இருக்கும் என்றெல்லாம் அடுக்கினேன்.

அவர் தெற்கே சிலாபம் பக்கத்து வானத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மிஸ் கேட்டா இல்லண்டு எப்பிடிச் சொல்ற? வாங்க, வாங்க" என்றார்.

அப்பால் நின்ற சரீனா குரல் கொடுத்தாள். "அவருக்கு இல்லண்டு சொல்லத் தெரியாது மிஸ். அல்லாஹ் அந்தச் சொல்ல அவர்ட வாயில வெக்கல்ல. நான் சொல்றன் கேளுங்க: ஏலாது. மழ நாள் கிட்டிட்டு."

கூட வந்திருந்த பயிலுநர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஹனீபா நானாவும் சிரித்தார். சரீனா சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவள் எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்! காரணமும் சொன்னாள். அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டது நான்தான். ஆண் சொன்ன "வாங்க" என் வேலைக்குத் தோதாக இருந்தது, பெண் சொன்ன "ஏலாது" தோதாக இல்லை, அவ்வளவுதான் காரணம். நானும் ஒரு பெண்ணாக இருந்து இதைச் செய்தேன் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை வேனில் போய் இறங்கினோம். இறங்கியதுமே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அக்கம்பக்கத்துப் பாத்தியெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. எல்லோரும் வாரி முடித்து, உப்பைக் குவித்து, தென்னோலைக் கிடுகால் மூடிவிட்டார்கள். ஹனீபா நானாவின் பாத்தி மட்டும் நிறைந்து கிடந்தது. அடியில் உப்பு வெள்ளை வெளேரென்று, விரல் தடிப்பில். "அழகா இருக்கு!" என்றேன். சரீனா வெறுமையாகக் கிடந்த பக்கத்துப் பாத்தியைப் பார்த்தாள்.

நிமல் கெமராவை மேட்டு வரம்பில் நிறுத்தி, முழுப் பாத்தியும் தெரிகிற மாதிரி வைத்தான். ஹனீபா நானாவையும் சரீனாவையும் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கமிருந்து வார வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலம் போனது. ஒலிவாங்கி அன்றைக்கென்று மனம் வைக்கவில்லை, அதைச் சரிப்படுத்த இன்னும் கொஞ்ச நேரம். அதற்குள் வெயில் மங்கியது. தெற்கே பார்த்தால் வானம் கருஞ்சாம்பலாக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"யா அல்லாஹ்" என்றாள் சரீனா.

முதல் துளி என் கையில் விழுந்தது. பிறகு கொட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? என்னால்தானே இந்த அழிவு என்றுதான் பட்டது. உப்பு கரைய முதல் கையால் அள்ளியாவது எடுத்துவிடலாம் என்று தோன்றியது. "எல்லாரும் இறங்குங்க! உப்ப வாருங்க, வாருங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, செருப்போடு, முதல் ஆளாகப் பாத்திக்குள் காலை வைத்தேன். பயிலுநர்கள் ஐந்து பேரும் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள்.

"மிஸ், கால எடுங்க!"

சரீனா என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் நான் வரம்பில் குந்திவிட்டேன். "ஆரும் எறங்கப்படாது! ஒரு கால் உள்ள படப்படாது! அப்பிடியே நில்லுங்க எல்லாரும்!" அவள் கத்திய கத்தலில் பயிலுநர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

ஹனீபா நானா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரம்பு வழியே நடந்து வடக்கு மூலைக்குப் போனார். அந்த மூலையில் போய் நின்றார். மண்ணை வெட்டுவார் என்று பார்த்தேன். வெட்டவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்.

மழை பெய்கிறது. பாத்தியில் உப்பு இருக்கிறது. அந்த மனிதர் சும்மா நிற்கிறார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "ஏன் நிக்கிறார்? ஏதாவது செய்யச் சொல்லுங்க!" என்று சரீனாவிடம் கெஞ்சினேன். இரசாயனவியல் சேர் என் காதருகில், மழைநீர் கலந்தால் செறிவு குறையும், உப்பு கரைய ஆரம்பிக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் அவருடைய விளக்கம் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நிமல் ஓடிக்கொண்டிருந்த கெமராவின் மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றான். "மிஸ், நிப்பாட்டவா?" என்று கேட்டான்.

"நிப்பாட்டு. ஒரு மனிசன்ட கஷ்டத்தப் படம் பிடிக்கிறதா?" என்றேன்.

"நிப்பாட்டாதீங்க!" என்றாள் சரீனா. "எடுங்க. முழுக்க எடுங்க. நாளைக்கு ஹாஜியார் வந்து, நீங்க கவனிக்காம விட்டுட்டீங்கண்டு சொன்னா எங்களுக்குக் காட்ட என்ன இரிக்கு? அல்லாஹ்ட மழ வந்ததாவது அதுல இரிக்கட்டும்."

நிமல் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அப்படி எடுத்ததுதான் நீங்கள் வெட்டக் கேட்கிற நான்கு நிமிடம்.

மழை வந்த வேகத்திலேயே விட்டது. ஆனாலும் ஹனீபா நானா அசையவில்லை. துளிகள் நின்று, தண்ணீரின் மேல் வட்டங்கள் ஓய்ந்து, தெற்கிலிருந்து மெல்லிய காற்று வந்து தண்ணீரின் மேற்பரப்பு அவர் நின்ற மூலைக்குச் சாய்கிற வரைக்கும் பொறுத்தார். பிறகு குனிந்து, வரம்பின் உச்சியில் ஒரு விரல் ஆழத்துக்கு மண்ணை வழித்து எடுத்தார். வெட்டவில்லை, வழித்தார். அந்த வாயால் தண்ணீர் சத்தமில்லாமல் வெளியே வழியத் தொடங்கியது. சரீனா வரம்பால் போய் அங்கே குந்தி, வழிகிற தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"நல்ல தண்ணி, உப்பு இல்ல. போகட்டும்."

கொஞ்ச நேரம். திரும்ப விரல், திரும்ப நாக்கு. "நல்ல தண்ணிதான்."

இன்னும் கொஞ்ச நேரம். இந்த முறை முகத்தைச் சுளித்தாள். "கரிக்கிது. போதும், கட்டுங்க!"

ஹனீபா நானா ஒரு கட்டி ஈர மண்ணை வைத்து வாயை அடைத்தார். நான் குனிந்து பார்த்தேன். பாத்தியில் தண்ணீர் இருந்தது, அடியில் உப்பு இருந்தது. வெள்ளையாக, அப்படியே இருந்தது.

நிமிர முதலே எனக்குக் கேள்வி வந்துவிட்டது. என்ன செய்வது, என் குணம் அப்படி. "எப்பிடி? எப்பிடிக் கரையாம இருந்தது?"

"மழத் தண்ணி பாரம் இல்ல மிஸ். வெயில்ல முத்தின உப்புத் தண்ணி பாரம். இது மேல கிடக்கும், அது கீழ கிடக்கும். ஆரும் கலக்காட்டி ரெண்டும் ஒண்டோட ஒண்டு சேராது. மேல கிடக்கிறத மெதுவா வழிச்சு விட்டா சரி. மழ பெய்ற நேரம் வரம்பத் திறந்தா இழுபட்டுக் கலந்துடும். கூடப் பொறுத்தாலும் கலந்துடும். நேரம் பாக்கத் தெரியணும்" என்றாள் சரீனா.

இரசாயனவியல் சேர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அடர்த்தி பற்றி வருடா வருடம் பலகையில் எழுதிப் படிப்பித்தவர் அவர். எண்ணெயும் தண்ணீரும் உதாரணம் சொல்லுவார்.

"இத உப்பளத்துலயா படிச்சீங்க?" என்று சரீனாவிடம் கேட்டேன்.

"இங்க உள்ளவங்க செய்றத இவர் பாத்தவரு. ஆனா பாக்க முதலே எனக்குத் தெரியும். மன்னாருல எங்கட வீட்டுக் கிணத்துல மேல நல்ல தண்ணி, அடியில உப்புத் தண்ணி. வாளிய மெதுவா மேலால கோலணும். தொபுக்கெண்டு ஆழமா விட்டா அண்டைக்கு முழுக்கக் குடிக்க ஏலாது. எத்தன அடி வாங்கியிருப்பன் உம்மாட்ட!"

எல்லோரும் சிரித்தோம். அப்போதுதான் நிமல் விரலை நீட்டினான். "மிஸ், அந்தா பாருங்க."

நான் நின்ற பக்கம், வரம்போடு ஒட்டி, வெள்ளை உப்பின் நடுவில் கறுப்பாக ஒரு ஓட்டை. அந்த இடத்தில் உப்பு இல்லை, சேறுதான் தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு முழத்துக்கு உப்பு கரைந்து பழுப்பாகக் கிடந்தது. ஓட்டையின் உருவம் தெளிவாகவே தெரிந்தது. என் ஏழாம் நம்பர் செருப்பு. ஒரே ஒரு கால், ஒரே ஒரு முறை. மற்ற ஐந்து பேரும் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு நேரத்தை வீணாக்கவில்லை. அவர்கள் இருவரும், வேலை தெரிந்த இன்னும் இரண்டு பேரும் வாரினார்கள். எங்களுக்கு என்ன வேலை என்று கேட்டேன், சொன்னதைச் செய்தோம். கிடுகு சுமந்தோம். அடுத்த மழை பின்னேரம் வந்தபோது உப்பு குவிந்து, மூடிக் கிடந்தது. கொஞ்சம் போனது போனதுதான். இரண்டு நாள் முந்தி வாரியிருந்தால் அதுவும் போயிராது.

இதோடு கதை முடிந்ததென்றால் உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. ஒரு கிழமை கழித்து, அவர்களைப் படம் எடுத்ததற்குச் சம்மதக் கையெழுத்து வாங்கத் தில்லையடிக்குப் போனேன். சரீனா கதிரையைத் தள்ளிப் போட்டாள், தேத்தண்ணீர் தந்தாள், ஆனால் வாய் திறக்கவில்லை. சரீனா பேசாமல் இருந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நெருக்கிக் கேட்டதும் சொன்னாள். ஹாஜியார் வந்திருக்கிறார். குவியலைப் பார்த்திருக்கிறார். எல்லோரும் சனிக்கிழமையே வாரியிருக்க நீ ஏன் பிந்தினாய் என்று கேட்டிருக்கிறார்.

"இவர் என்ன சொன்னார் தெரியுமா மிஸ்? 'என்ட பிழதான் ஹாஜியார், சோம்பலா இரிந்துட்டன்'ண்டாரு. அடுத்த போகத்துக்கு வேற ஆளப் பாக்கிறன்டு சொல்லிட்டுப் போயிட்டாரு."

நான் ஹனீபா நானாவிடம் பாய்ந்தேன். "ஏன் அப்பிடிச் சொன்னீங்க? கேட்டது நான்தானே! என்ட பேரச் சொல்லுறதுக்கு என்ன?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மிஸ் எங்கட இடத்துக்கு வந்தவங்க. வந்தவங்களக் காட்டிக் குடுக்கிறதா?"

நான் பிறந்தது இந்த மண்ணில். இருபது வருடத்துக்கு மேலாக இவர்களை "வந்தவங்க" என்று சொன்னது எங்கள் ஊர். நானும் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லை அவர் எனக்கு மரியாதையாகத் திருப்பித் தந்தார், அதற்காக ஒரு பாத்தியையும் விட்டுக்கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

கல்லூரிக்குத் திரும்பி, வெட்டாத படத்தை அப்படியே லெப்டொப்பில் ஏற்றச் சொன்னேன். இரசாயனவியல் சேர் தடுத்தார். "வேலை முடிந்தது மிஸ். தேடிப் போய்ப் பழியை வாங்குவானேன்? கல்லூரியின் பேரும் கெடும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். எனக்கும் பயம்தான். இருந்தும் போனேன்.

ஹாஜியார் வயதானவர், கண்டிப்பானவர். என்னை இருத்தி, என்ன விஷயம் என்று கேட்டார். படத்தைப் போட்டேன். முதலில் வந்தது என் குரல்தான்: "எல்லாரும் இறங்குங்க! உப்ப வாருங்க, வாருங்க!"

"இது ஆர் விசர் பிடிச்சுக் கத்துற?" என்றார்.

"நான்தான் ஹாஜியார்."

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். நான்கு நிமிடம். முடிந்ததும், "திரும்பப் போடுங்க" என்றார். திரும்பப் போட்டேன். இரண்டாம் முறை பார்க்கும்போது முன்னுக்குச் சாய்ந்துவிட்டார்.

"என்ட மகன் எண்டா நிக்க மாட்டான். நானும் நிக்க மாட்டன். மழ கண்டா கால் தானா உள்ள போயிடும்."

"ரெண்டு நாள் பொறுக்கச் சொன்னது நான். அவர் சனிக்கிழமையே வார இருந்தவர். சோம்பல் ஒண்டும் இல்ல."

"அப்ப என்னட்டப் பொய் சொல்லியிரிக்கான்."

"என்னைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னவர்."

"என்னத்துக்குச் சொன்னாலும் பொய் பொய்தானே மிஸ். கேட்ட ஆளுக்கெல்லாம் ஓம் எண்டு சொல்றவன நம்பி எப்பிடிப் பாத்தியக் குடுக்கிற? நாளைக்கு இன்னொருத்தர் வந்து கேப்பாரு."

நான் நினைத்து வந்ததெல்லாம் இடிந்து விழுந்தது. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. எனக்கே தெரியாமல் வாயில் வந்தது: "அப்ப சரீனாவுக்குக் குடுங்க."

"ஆருக்கு?"

"அவர்ட மனைவிக்கு. வியாழக்கிழமையே ஏலாதுண்டு சொன்னவ. நாங்கதான் கேக்கல்ல. மழைக்குள்ள எங்களத் தடுத்ததும் அவதான். பாத்தியில நிக்க அவர் போதும். ஏலாதுண்டு சொல்ல அவ இருக்கா."

ஹாஜியார் தாடியைத் தடவினார். உள்ளே பார்த்து, "இன்னொரு தேத்தண்ணி போடுங்க மிஸ்ஸுக்கு" என்று குரல் கொடுத்தார். பிறகு என்னிடம், "ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க. கதைக்கிறது அவவோடதான்" என்றார்.

பாடத்தை வெட்டி ஒட்டும்போது உப்பு பிறக்கிற அந்தக் கணம் எங்களிடம் தெளிவாக இல்லை என்பது உறுதியானது. அடுத்த போகத்தில் அதை மட்டும் எடுத்துச் சேர்க்கலாம் என்று நிமலோடு திரும்பப் போனேன். அதே பாத்தி, அதே இருவர். நல்ல வெயில். தண்ணீரின் மேல் அந்த மெல்லிய தோல் மிதந்தது. ஹனீபா நானாவிடம் ஸலாம் சொல்லி, ஒரே ஒரு மணித்தியாலம் வேலையை நிறுத்தினால் கிட்டப் போய் எடுத்துவிடுவோம் என்றேன்.

அவர் முகமெல்லாம் சிரிப்பாக, நாடியை உயர்த்தி அப்பால் நின்ற சரீனாவைக் காட்டினார். "பாத்திக்காரியக் கேளுங்க."

சரீனா இடுப்பில் கையை வைத்துத் தெற்கே வானத்தைப் பார்த்தாள். அங்கே பஞ்சு மாதிரி ஒரு முகில். அது ஒன்றுமில்லாத முகில் என்றுதான் எனக்குப் பட்டது.

"ஏலாது மிஸ்" என்றாள்.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. நிமல் கெமராவைப் பெட்டிக்குள் வைத்தான். நான் "சரி" என்றேன். வேனைத் திருப்பினோம். அன்று மழை பெய்யவில்லை, அதைக் குறித்து நான் அவளிடம் ஒருபோதும் கேட்கவுமில்லை.

அதனால்தான் அந்தப் பாடத்தில் உப்பு பிறக்கிற காட்சி இன்றைக்கும் மங்கலாக இருக்கிறது. நீங்கள் போய் நல்லதாக எடுங்கள், சரீனா ஓம் என்று சொன்னால். அந்த நான்கு நிமிடத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும்போது, நடுவில் நிறுத்தி, இவர் ஏன் நிற்கிறார் என்று கேளுங்கள். கொட்டாவி நிற்கும். கீழே இடப் பக்க மூலையையும் காட்டுங்கள். அதில் தெரிகிற கறுப்பு, கெமராக் கண்ணாடியில் பட்ட அழுக்கு இல்லை.

வெட்டலாமா என்று கேட்டீர்கள் அல்லவா? ஏலாது.